இல்லாத லாரியைச் சுற்றிப் போன வெளிச்சம்

சேவியர்பட்டினத்துக்குப் போகிற அளத்து ரோட்டில், எடைமேடையைத் தாண்டியதும், ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தை ஊர்ச்சனம் இன்றைக்கும் ஒதுங்கிச் சுற்றித்தான் போகிறது; சைக்கிளில் வருகிறவன் ஹேண்டிலை வலப்பக்கம் ஒடிக்கிறான், உப்பளத்து வேலை முடிந்து வருகிறவள் பேச்சை நிறுத்தாமலே தோளைச் சாய்த்துக்கொள்கிறாள், நாய்கூட அங்கே வந்ததும் வட்டமடித்துவிட்டுத்தான் தன் வழியைப் பிடிக்கிறது. ஏன் என்று வெளியூர்க்காரர் கேட்டால், "அங்க லாரி நிக்குல்லா" என்பார்கள். எங்கே லாரி என்று அவர் திரும்பக் கேட்டால் வாய் கசந்துபோனதுபோல் கடலைப் பார்ப்பார்கள். அதற்கு ஜெனோவாவிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஜெனோவாவின் புருஷன் கிளாட்வின், கோயில் திருவிழாக்களுக்கு சீரியல் செட் விளக்குப் போடுகிறவன். கப்பல்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன பெரிய டூரிங் பைக் ஒன்று அவனிடம் இருந்தது, முன்னால் கண்ணாடித் தடுப்பும் பக்கத்துக்கொரு பெட்டியுமாகக் கழுதை மேல் மூட்டை கட்டினாற்போல் இருக்கும் அது. அதன் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டி, அந்தோணியாரையும் செபஸ்தியாரையும் பல்பு பல்பாக எழுதிய பலகைகளை அதில் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோய் எரியவிட்டு வருவான். கடற்கரை முழுக்க மாதாவுக்கு விளக்குப் போட்ட அந்த மனுஷன், ஒரு அந்தி நேரம், டிரெய்லரை வீட்டில் விட்டுவிட்டு பைக்கில் மட்டும் திரும்பி வரும்போது, எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் கண்ணில் அடித்த அந்த நொடியில், ஒரு விளக்குகூட இல்லாமல் ரோட்டில் நின்ற உப்பு லாரியின் பின்பக்கத்தில் போய் மோதிச் செத்தான்.

அவள் ஓடிவந்து பார்த்தபோது லாரி இல்லை. வரிசையாகச் சில கல்லும் ஒரு உடைமரக் கொப்பும்தான் ரோட்டில் கிடந்தன. அந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் வண்டியை ரோட்டில் நிறுத்தினால் பின்விளக்கு எரியவிடுவதில்லை, எரியவிட விளக்கே இருப்பதில்லை; வண்டியிலேயே கொண்டுவருகிற நாலு கல்லைப் பின்னால் வைத்து, ஒரு கொப்பையும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள், திரும்பி வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது கல்லையும் கொப்பையும் அங்கேயே விட்டுவிடுவார்கள். இது பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். விசாரிக்க வந்த போலீஸ் ஏட்டையாவுக்கு மட்டும் தெரியவில்லை.

"குடிச்சிட்டு வந்து கல்லுல ஏத்திட்டாரும்மா," என்றார் ஏட்டையா.

"நடுரோட்டுல கல்லை யாரு வச்சா?"

"கெடந்திருக்கும்."

"கொப்பு?"

"காத்துல வந்திருக்கும்."

"சுத்துவட்டாரத்துல ஒரு மரம் இல்ல சார், எல்லாம் உப்பு. எந்தக் காத்துல வந்துச்சி?"

"உனக்கு வருத்தம்மா, புரியுது," என்று சொல்லி அவர் எழுதுவதைத் தொடர்ந்தார். புரியுது என்று அவர் சொன்ன அந்தச் சொல்லின் மேல்தான் ஜெனோவாவுக்கு முதல் கோபம் வந்தது, அதற்குப் பிறகு அது இறங்கவே இல்லை.

கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை, சவப்பெட்டிக்குள் படுத்திருந்தவனுக்குப் போட்டுவிடும்போது, இடது காறையெலும்புக்குக் கீழே அவள் ஒரு காயத்தைப் பார்த்தாள். தூண்டில் முள் நுழைந்து திரும்பினாற்போல் வளைந்திருந்தது. கல் அப்படிக் குத்தாது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, கோட்டுப் பித்தானைப் போட்டு மூடினாள். சொன்னால் அதையும் காற்றில் வந்தது என்றுதான் எழுதுவார்கள்.

லாரிகள் பவுல்துரை முதலாளியுடையவை. அளமும் அவருடையது, எடைமேடையும் அவருடையது, திருவிழாவின் கடைசி நாள் சப்பரமும் அவர் உபயம். அதனால் அந்த ரோட்டில் லாரியே நிற்பதில்லை என்று ஊர் ஒரே வாயாகச் சொன்னது, சொன்ன கையோடு நின்றுகொண்டிருந்த லாரிகளைச் சுற்றி வீட்டுக்குப் போனது.

ஜெனோவா பைக்கைச் சரிபண்ணி ஓட்டப் பழகினாள். பிழைக்க வேண்டுமே. டவுன் பேக்கரியிலிருந்து ரொட்டியும் மக்ரூனும் டின் டின்னாக டிரெய்லரில் ஏற்றி, அளத்துப் பக்கத்துக் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அந்தி சாயும்போது திரும்ப வேண்டும். மூன்று வயது அமலியை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. நாத்தனார் பிரகாசி மீன் கம்பெனிக்குப் போய்விடுவாள். அதனால் பிள்ளையைத் தன் முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்து, துப்பட்டாவால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வாள். கட்டும்போதெல்லாம் ஒரே நினைப்புதான்: பின்னாலிருந்து எது வந்தாலும் முதலில் தொடப்போவது இதைத்தான். முன்னால் நிற்பதைக் கண்டு ஒதுங்கலாம், பின்னால் வருகிறவனுக்கு நம்மைக் காட்டுவது எப்படி? கிளாட்வின் ஊருக்கெல்லாம் விளக்குப் போட்டானே தவிர சொந்த டிரெய்லருக்கு ஒரு பல்பு போட்டதில்லை.

டவுன் ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்குச் சிரித்தார்கள். "செகப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்க சிஸ்டர், போதும்." அவள் ஸ்டிக்கர் வாங்கவில்லை, ஒயர் வாங்கினாள். கான்வென்ட் லேபில் படித்த சர்க்யூட்டும், கிளாட்வினோடு வெயிலில் உட்கார்ந்து சீரியல் செட்டுக்கு முடிச்சுப் போட்ட விரல்களும் அவளிடம் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வாசலில் பைக்கைப் பிரித்தாள்.

"பைக்குக்குதான் லைட்டு இருக்கே, பின்னால இழுக்க பொட்டிக்கு எதுக்குட்டி?" என்று கேட்டாள் பிரகாசி.

"பின்னால வாரவனுக்கு பைக்கு தெரியாது மதினி, பொட்டிதான் தெரியும்."

பைக்கின் பின்விளக்கிலிருந்து நேராக ஒயரை இழுத்தால் பாரம் தாங்காமல் ஃபியூஸ் போகும் என்று, சீட்டுக்கு அடியில் ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து தனியாகக் கரண்ட் எடுத்தாள். பார்க் லைட்டுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, இடது வலது இண்டிகேட்டருக்கு ஆளுக்கொன்று. பைக்கையும் டிரெய்லரையும் இணைக்கிற இரும்புக் குமிழே, கரண்ட் திரும்பிப் போகிற எர்த்துக்குப் போதும் என்றுதான் ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் விட்டுவிடுவார்கள். உப்புக் காற்றில் அந்த இரும்பு ஒரு மழைக்குள் துருப்பிடித்து, நம்பி இருக்கிற நேரத்தில் விளக்கு கண்ணை மூடிவிடும். அவள் எர்த்துக்கென்றே தனியாக ஓர் ஒயரை டிரெய்லர் வரை கொண்டுபோனாள். வண்டி திரும்பும்போது அறுந்துவிடாமல் இணைப்பில் கொஞ்சம் தொங்கல் விட்டாள், கனெக்டருக்குள் கிரீஸ் தடவினாள்.

பிரகாசி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தப் பெரிய பைக்கில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். "எரியுதாட்டி?"

"எரியுது மதினி. விடுங்க. இப்ப லெப்ட்டு."

பிரகாசி இடது இண்டிகேட்டரைப் போட்டாள், வலதைப் போட்டாள், யாரும் கேட்காமலே ஹாரனையும் அடித்தாள், தம்பி செத்ததற்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள், சிரித்ததற்காக உடனே அழுதாள்.

மறுநாள் அந்தியில் ஜெனோவா விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்பினாள். எடைமேடையைத் தாண்டியதும், பாதி உடம்பு ரோட்டில், கல்லும் கொப்புமாக, பவுல்துரையின் லாரி நின்றது. அதே இடம். அவள் பிரேக்கை மிதித்து, வலப்பக்கம் ஒடித்து, லாரியைச் சுற்றி மறுபடி இடப்பக்கம் வந்து, மூச்சு திரும்பியதும் கண்ணாடியில் பார்த்தாள். டிரெய்லர் விளக்கின் வெளிச்சம் டிரெய்லரோடு வரவில்லை. வந்த வழியெல்லாம் முழங்கால் உயரத்தில் இரண்டு சிவப்புக் கோடாக அப்படியே நின்றது. பிரேக் பிடித்த இடத்தில் தடித்திருந்தது. லாரியைச் சுற்றிய இடத்தில் வளைந்திருந்தது. பிள்ளை முதுகில் தூங்கிக்கொண்டிருந்ததால் அவள் நிறுத்தவில்லை. வெளிச்சம் வாசல்வரை வந்து, அவள் வண்டியை அணைத்த இடத்தில் முடிந்தது.

காலையில் வாசல் தெளிக்க வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், தண்ணீர் பட்டால் அணைகிறதா என்று பார்த்தார்கள், அணையவில்லை என்றதும் கோலத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்கள். தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. இரண்டு நாளைக்குள் பிள்ளைத்துணிகளை அதில் காயப்போட்டார்கள், கோழி அதனடியில் அடைகாத்தது, இருட்டியபின் அளத்திலிருந்து வருகிற பெண்கள் இரண்டு கோட்டுக்கும் நடுவில் ரயில்போல வரிசையாக நடந்து வந்தார்கள். சிலுவைத் தெரு முனையில் அவள் திரும்பிய இடத்தில் இண்டிகேட்டர் வெளிச்சம் காற்றில் மஞ்சளாக மின்னி மின்னி நின்றது. முனைவீட்டுக்காரர் தூக்கம் கெடுகிறதென்று அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார். பகலில் கோடுகள் வெளிறி, பெயிண்ட் காயாத கைப்பிடிக் கம்பிபோலத் தெரிந்தன, அந்தியில் சிவந்தன. தினமும் ஜெனோவா அதே வழியில் போய்வந்தாள், தினமும் வெளிச்சம் பழைய வெளிச்சத்தின்மேல் படிந்து தடித்தது.

பிறகு யாரோ வெளிச்சம் வளைகிற இடத்தில் மெழுகுவர்த்தி கொளுத்தினார்கள். மாதா வெளிச்சம் என்று பெயர் வந்தது. வேன் பிடித்து ஆட்கள் வந்தார்கள், வெளிச்சத்தில் கைவைத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார்கள், சுண்டல் விற்றது, ஜெபமாலை விற்றது. எல்லாரும் வெளிச்சத்தைப் பார்த்தார்கள், ஒருவரும் வளைவைப் பார்க்கவில்லை. அற்புதம் என்று ஒரு வார்த்தை கிடைத்துவிட்டால் போதும், அதற்கப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடலாம், திறந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

ஜெனோவா பங்குச்சாமியாரிடம் போனாள். "சாமி, அது மாதா போட்ட வெளிச்சம் இல்ல. நான் போட்டது. ரிலே வச்சு, ஃபியூஸ் வச்சு, என் கையால போட்டது."

"விசுவாசத்தைக் குலைக்காதே மகளே. மாதா உன் கையை உபயோகித்திருக்கலாம் இல்லையா?"

"அப்ப அது ஏன் அங்க வளையுதுன்னு மாதாட்டயே கேளுங்க சாமி. நேர் ரோட்டுல ஏன் வளையுது? எதைச் சுத்தி வளையுது?"

சாமியார் மேஜைமேல் இருந்த திருவிழா நோட்டீஸை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். உபயதாரர் படம் அதில் பெரிதாக இருந்தது.

வேன்கள் வர ஆரம்பித்ததும் பவுல்துரை தன் லாரிகளை அங்கிருந்து எடுத்து, இன்னும் தள்ளி, ஓடைப் பாலத்துக்கிட்டே நிறுத்தச் சொன்னார். அங்கேயும் விளக்கில்லை, அங்கேயும் கல்லும் கொப்பும்தான். இப்போது வளைவில் லாரி இல்லை. வெளிச்சம் மட்டும், இல்லாத லாரியைச் சுற்றிப் போனது, பின்பக்கத்து மூலை எங்கே, முன்பக்கம் எங்கே முடிகிறது என்று அளந்தாற்போல். வந்தவர்கள் எல்லாரும் வெளிச்சத்தோடு நடந்து பழகி அந்த வெற்றிடத்தைச் சுற்றினார்கள். ஜெனோவாவும் சுற்றினாள். நேராகப் போகலாம் என்று கண் சொன்னது, முதுகில் பிள்ளையின் சூடு வேண்டாம் என்றது.

"இப்ப பாத்துக்கோங்க," என்றார் பவுல்துரை, திருவிழாக் கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி. "லாரி நிக்குதா? என்னைக்காவது நின்னுச்சா? பொம்பள வண்டி ஓட்டுனா ரோடு வளையத்தான் செய்யும்." எல்லாரும் சிரித்தார்கள். வளைவில் மெழுகுவர்த்தி வைக்கிற பெண்களும் சிரித்தார்கள். அதைத்தான் ஜெனோவாவால் பொறுக்க முடியவில்லை. நிற்கவே இல்லாத லாரிக்கு யார் விளக்கு மாட்டுவார்கள்? நாளைக்கும் அது பாலத்துக்கிட்டே நிற்கும், இருட்டில் நிற்கும், அவள் அமலியைக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில்தான் வர வேண்டும், ஒரு பஸ் எதிரே வந்தால் போதும்.

கடைசி நாள் சப்பரம் அந்த வருஷம் புது வழியாக, மாதா வெளிச்சத்தின் வழியாகப் போகும் என்று சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் பேண்டு வாத்தியத்தோடு சப்பரம் அளத்து ரோட்டுக்கு வந்தபோது, வளைவுக்கு அந்தப் பக்கம் ஜெனோவா பைக்கையும் டிரெய்லரையும் ஓரமாக நிறுத்தி, விளக்கையெல்லாம் போட்டுவிட்டு, அமலியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முன்னால் பவுல்துரை முதலாளி, பட்டு நாடா தோளில், ஆளுயர மெழுகுதிரி கையில். அவருக்குப் பின்னால் சாமியார். அவர்களுக்குப் பின்னால் லாரி டிரைவர்கள் தோள்கொடுத்துத் தூக்கிவந்த சப்பரம். எல்லாரும் வளைவுக்கு வந்ததும், பாட்டை நிறுத்தாமல், ஒரே ஆளைப்போல வலப்பக்கம் ஒதுங்கினார்கள்.

"ஏன் சுத்துறிய?" என்றாள் ஜெனோவா.

குரல் பெரிதாக வரவில்லை. பேண்டுக்காரர்கள்தான் முதலில் நிறுத்தினார்கள்.

"ரோடு நேராத்தானே கெடக்கு. அங்கதான் ஒண்ணும் இல்லைன்னு ஏட்டையா எழுதுனாரு, ஒண்ணும் நிக்கலன்னு முதலாளி சொன்னாரு, ஆமான்னு நீங்க எல்லாரும் சொன்னிய. அப்புறம் எதுக்குச் சுத்துறிய? எம் புருஷன் மட்டும்தான் குடிகாரனா? இன்னைக்கு மாதாவே குடிச்சிட்டா வாரா, வளைஞ்சி வளைஞ்சி?"

"ஏ பிள்ள, வாய அடக்கு," என்றார் ஒருவர்.

"நான் அடக்குதேன். முதலாளி நேரா நடந்து வரட்டும், நான் அடக்கிக்கிடுதேன். பொம்பள ஓட்டுனா வளையும், சரி. ஆம்பள நடந்தா நேரா வரும்லா? வாங்க முதலாளி. இந்தா, நான் இங்க நிக்கேன்."

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பவுல்துரை சிரித்தார், மெழுகுதிரியைக் கைமாற்றினார், இரண்டு அடி பின்னால் போய், சிவப்புக் கோடு வளைகிற இடத்தில் வளையாமல் நேராகக் காலை எடுத்து வைத்தார். நெற்றி வேர்த்தது. கண்ணெதிரே வெறும் ரோடுதான், ஈரக்காற்றுதான், அதற்கு அப்பால் ஒரு பெண்ணும் பிள்ளையும்தான். இன்னொரு அடி வைத்தார்.

"முதலாளி, கொக்கி!" என்று ஒரு கத்தல் கேட்டது. "பின்கதவுக் கொக்கி நீட்டிக்கிட்டிருக்கு, இடிச்சிராதீய!"

பவுல்துரை சட்டென்று இடது தோளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

கத்தியது மிக்கேல், அவருடைய பழைய டிரைவர். சப்பரத்துக்குக் கொடுத்திருந்த தோளோடு, வாயைத் திறந்தபடி, தான் சொன்னது தன் காதில் விழ, அவன் நின்றான். முதலாளி லாரியின் பின்பக்கமாக வரும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது.

ஜெனோவா பிள்ளையை இறக்கிவிட்டாள். "எந்தக் கொக்கி, மிக்கேல் அண்ணே?"

மெழுகு சொட்டுவது கேட்டது.

"எந்த லாரிக் கொக்கி? எங்க நிக்கி அந்த லாரி?"

மிக்கேல் சப்பரத்தை அடுத்தவன் தோளுக்கு மாற்றிவிட்டு ரோட்டில் உட்கார்ந்தான். "இங்கதான் தாயி நின்னுச்சி. லைட்டு இல்ல. நான் டீக்கடையில இருந்தேன், சத்தம் கேட்டு ஓடியாந்தேன். கொக்கியிலதான் மாட்டியிருந்தான் உம் புருஷன்... நான்தான் எடுத்து விட்டேன். முதலாளி வந்து, வண்டிய எடுத்துட்டுப் போயிரு, கல்லு கெடக்கட்டும்னாரு."

அவள் தன் இடது காறையெலும்புக்குக் கீழே கைவைத்து அழுத்திக்கொண்டாள். காற்றில் வந்த காயம் இல்லை. பிரகாசி கூட்டத்திலிருந்து வந்து, பவுல்துரையின் கையிலிருந்த மெழுகுதிரியை வாங்கி, ஊதி அணைத்து, அவர் காலடியில் போட்டாள். அவர் வளைவில் நிற்கவும் முடியாமல் நகரவும் முடியாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றார். ஏட்டையா கூட்டத்தில்தான் இருந்தார். தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "புரியுதா சார் இப்போ?" என்று கேட்டாள் ஜெனோவா.

சாமியார் எதையோ சொல்லி ஜெபத்தை ஆரம்பித்தார். சப்பரம் தயங்கியது, தயங்கி, பழையபடி வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே போனது. அவ்வளவும் கேட்ட பிறகும் சுற்றிக்கொண்டே போனது.

கூட்டம் முதலாளியையும் கூட்டிக்கொண்டு வளைவைத் தாண்டியதும், ஜெனோவா பைக்கை எதிர்ப்பக்கம் கொண்டுபோய்த் திருப்பி நிறுத்தினாள். அமலியைத் தூக்கி வைத்து துப்பட்டாவை எடுத்தாள். "கட்டாதட்டி," என்று பிரகாசி சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள், "பிள்ளைக்குப் பின்னால நான் உக்காருதேன்." ஜெனோவா வண்டியைக் கிளப்பி, வளைவுக்கு வந்து, பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலை ஒடிக்காமல், லாரி நின்ற இடத்தின் ஊடாக நேராகப் போனாள். ஒன்றும் இடிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். பழைய வளைவு அப்படியே இருந்தது, அதன் நடுவே புதிதாக இரண்டு நேர்கோடு.

அந்த வாரமே டிரைவர்கள் லாரிகளை அவள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். விளக்கு மாட்டித்தர மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு ஆசைதான். ஆனால் அவர்களுக்குப் பின்னால் வருவது வேறு யாருடைய பிள்ளையோ. ஒவ்வொன்றுக்கும் பின்விளக்கு மாட்டினாள், எர்த்துக்குத் தனி ஒயர் கொடுத்தாள், கொக்கிகளை மடக்கி அடிக்கச் சொன்னாள், கல்லையும் கொப்பையும் வண்டியிலிருந்து இறக்கவைத்தாள். மிக்கேலின் லாரிக்கு மாட்டும்போது அவனையே டெஸ்ட் லேம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாள், அவன் அழுததை அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

ஊர் இன்னும் வளைவில் சுற்றித்தான் போகிறது. நடுவில் நேர்கோடு கிடக்கிறதே, அதில் போகச் சொல்லக்கூடாதா என்று பிரகாசி ஒருநாள் கேட்டாள்.

"சுத்தட்டும் மதினி," என்றாள் ஜெனோவா, ரொட்டி டின்களை ஏற்றிக்கொண்டே. "இருந்தப்ப இல்லைன்னாங்கல்ல. இப்ப இல்லாதப்ப சுத்தட்டும்."